காலை இரண்டு மணி நேரம்: பெல்ஜியத்தின் கூடுதல் பயிற்சித் திட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

2000 ஜூன் 19 அன்று பிரஸ்ஸல்ஸில் துருக்கியிடம் 0–2 என்று தோற்று, தான் நெதர்லாந்துடன் சேர்ந்து நடத்திய யூரோ கால்பந்துக் கோப்பையின் முதல் சுற்றிலேயே பெல்ஜியம் வெளியேறியது. கோல்கீப்பர் ஃபிலிப் தெ வில்த சிவப்பு அட்டை வாங்கிப் போனதும் அதே ஆட்டத்தில்தான். 2002 உலகக் கோப்பையில் பிரேசிலிடம் தோற்றபின் 12 ஆண்டுகள் அந்த நாடு எந்தப் பெரிய போட்டிக்கும் தகுதி பெறவில்லை. 2007 ஜூனில் ஃபிஃபா தரவரிசையில் 71ஆம் இடம். 2015 நவம்பரில் அதே நாடு முதலிடம். 2018இல் ரஷ்யாவில் பிரேசிலை 2–1 என்று வீழ்த்தி, கடைசியில் மூன்றாம் இடம்.

இந்த ஏற்றத்துக்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் இங்கே பிரித்துப் பார்க்கிறோம்: 14 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு கிளப் பயிற்சிக்கு மேல் கொடுக்கப்பட்ட கூடுதல் பயிற்சி. "எக்ஸ்ட்ரா கோச்சிங்" என்ற பெயரில் பெற்றோர் காசு கொட்டும் விஷயம் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறது. அதில் பெரும்பகுதி வீண்; ஒரு பகுதி பிள்ளையின் முழங்காலுக்குக் கேடு. பெல்ஜியம் அந்தக் கூடுதல் மணி நேரத்தை எங்கிருந்து எடுத்தது, அதற்குள் எதை வைத்தது என்பதுதான் பார்க்கவேண்டியது.

நேரம் எங்கிருந்து வந்தது

1998க்கும் 2002க்கும் இடையில் எட்டு விளையாட்டுப் பள்ளிகள் கால்பந்துக்காக அமைந்தன. "டாப்ஸ்போர்ட்" பள்ளி என்று பெயர். தேர்ந்தெடுக்கப்பட்ட பையன்களும் பெண்களும் வாரத்தில் நான்கு காலை, நாளைக்கு இரண்டு மணி நேரம், பள்ளி நேர அட்டவணைக்குள்ளேயே பயிற்சி பெற்றார்கள். பயிற்சி கொடுத்தவர்கள் கால்பந்துக் கூட்டமைப்பின் கோச்சுகள். பிள்ளைகள் தங்கள் கிளப்பை விட்டு வரவில்லை. மாலையில் கிளப் பயிற்சி, வார இறுதியில் கிளப் ஆட்டம், எல்லாம் பழையபடியே.

இதில் கவனிக்கவேண்டியது காலை நேரம். கூடுதல் பயிற்சி என்றதும் நாம் நினைப்பது மாலைப் பயிற்சி முடிந்தபின் இன்னொரு மணி நேரம், அல்லது ஞாயிறு. அப்படிச் செய்தால் அந்த மணி நேரம் தூக்கத்திலிருந்தோ, ஓய்விலிருந்தோ, வீட்டுப் பாடத்திலிருந்தோ வெட்டி எடுக்கப்படுகிறது. களைத்த காலோடு செய்யும் நுட்பப் பயிற்சி தப்பான அசைவைத்தான் பழக்கும். பெல்ஜியத்தில் அந்த எட்டு மணி நேரத்தைக் கொடுத்தது பள்ளி. புதிய காலோடு, விழித்த மூளையோடு, வெளிச்சத்தில் பயிற்சி நடந்தது. பெல்ஜியப் பள்ளிகளுக்குப் புதன் பிற்பகல் விடுமுறை என்பது பழைய வழக்கம்; அதுவும் வாரத்தின் நடுவே மூச்சுவிட இடம் கொடுத்தது.

எதற்காகக் கூடுதல் மணி நேரம்

லூவென் பல்கலைக்கழகத்தின் வெர்னர் ஹெல்சனும் அவருடைய சகாக்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று பெல்ஜிய ஆட்டக்காரர்களின் பயிற்சி நேரத்தைக் கூட்டிப் பார்த்தது. ஆடத் தொடங்கி 18 ஆண்டுகள் ஆனபின் நாட்டு அணி ஆட்டக்காரர்களின் கணக்கில் சுமார் 9,332 மணி நேரம்; தேசிய லீக் நிலையில் ஆடியவர்களுக்கு 7,449; மாகாண நிலையில் ஆடியவர்களுக்கு 5,079. இதைப் பிடித்துக்கொண்டு "மணி நேரத்தை ஏற்று, பிள்ளை மேலே போவான்" என்று சொல்லக் கிளம்பியவர்கள் உண்டு. தவறு. திறமை இருக்கிறவனைத்தான் கிளப் அதிகம் கூப்பிடும், அதனால் அவனுக்கு மணி நேரமும் கூடும். காரணம் எது, விளைவு எது என்று அந்த எண்கள் சொல்லாது. ஆனால் ஒன்று மட்டும் தெரிந்தது: மேல் நிலைக்குப் போனவர்கள் சராசரியாக மற்றவர்களைவிட அதிக நேரம் பழகியிருந்தார்கள். வாரம் மூன்று மாலைப் பயிற்சி மட்டும் கொடுக்கும் கிளப்பால் அந்த இடைவெளியை நிரப்ப முடியாது.

இரண்டாவது கண்டுபிடிப்பு இன்னும் கசப்பானது. கூட்டமைப்பின் தொழில்நுட்ப இயக்குநர் மிஷெல் சப்லோன் கேட்டுக்கொண்டபடி லூவென் பல்கலைக்கழகம் சுமார் 1,500 இளையோர் ஆட்டங்களைப் படம்பிடித்துப் பார்த்தது. வெற்றிக்குக் கொடுத்த இடத்தை வளர்ச்சிக்குக் கொடுக்கவில்லை என்பது முடிவு. மிகச் சிறு வயதில் சில பிள்ளைகள் அரை மணி நேரத்தில் இரண்டு முறைதான் பந்தைத் தொட்டார்கள் என்று சப்லோன் பின்னர் சொன்னார். வாரம் முழுக்கக் காத்திருந்து சனிக்கிழமை இரண்டு தொடுதல்!

ஆகவே கூடுதல் பயிற்சிக்கு முன்பே ஆட்டத்தின் அளவு மாற்றப்பட்டது. முதலில் இரண்டுக்கு இரண்டு: ஒருவன் கோல்கீப்பர், ஒருவன் பந்தோடு, டிரிப்ளிங்கை (பந்தைக் காலோடு உருட்டிக்கொண்டு போவதை) தவிர அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை. பிறகு ஐந்துக்கு ஐந்து: கோல்கீப்பருக்கு முன்னால் வைர வடிவில் நால்வர், குட்டிப் பாஸ். அடுத்து எட்டுக்கு எட்டு: இரட்டை வைரம், நீண்ட பாஸ். கடைசியில்தான் பதினொன்று. ஏழு, எட்டு வயதுக்குக் கீழே புள்ளிப்பட்டியல் கிடையாது. மேலே எல்லா வயதிலும் 4-3-3 (தடுப்பில் நால்வர், நடுவில் மூவர், முன்னால் மூவர்), பக்கவாட்டில் ஒருவரை ஒருவர் எதிர்த்துத் தாண்டிப் போகத் தெரிந்த விங்கர்கள். கிளப்புகள் முணுமுணுத்தன. பட்டியலில் முதலிடம் வாங்கித் தராத கோச்சை எந்தக் கமிட்டிக்கும் பிடிக்காது.

இந்த வரிசையை மறந்துவிட்டு டாப்ஸ்போர்ட் பள்ளியை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் பாதியைத்தான் எடுத்துப்போகிறார்கள். 14 வயதில் காலைப் பயிற்சிக்கு வந்த பிள்ளைக்கு ஏற்கெனவே சிறிய மைதானங்களில் ஆடிய ஆயிரக்கணக்கான தொடுதல்கள் காலில் இருக்கவேண்டும் என்பதே திட்டம். எட்டு வயதில் பதினோரு பேர் மைதானத்தில் ஓரமாக நின்ற பிள்ளையை 14இல் நான்கு காலைகளில் சரிசெய்துவிட முடியாது.

ஒரு காலைப் பயிற்சியை அருகில் வைத்துப் பார்த்தால்

கீழே இருப்பது கூட்டமைப்பின் பயிற்சித் தாள் அல்ல. அந்தச் சட்டகத்துக்குள், அதாவது காலை வேளை, 15 வயது, ஒரு கோச்சுக்கு 12 பேர் என்ற அளவுக்குள், எது பொருந்தும் என்று அமைத்த மாதிரி. அட்டவணையில் இரண்டு மணி நேரம் என்று போட்டாலும் உடை மாற்ற, குளிக்க, வகுப்புக்கு ஓட என்று 20 நிமிடம் போய்விடும். கையில் இருப்பது 100 நிமிடம்.

முதல் 20 நிமிடம் வார்ம் அப். இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. ஃபிஃபா வகுத்த காயத்தடுப்பு வார்ம் அப்பான 11+ போதும். மூன்று பகுதி, 15 பயிற்சி: 8 நிமிடம் மெதுவோட்டம், 10 நிமிடம் வலிமையும் சமநிலையும் தாவலும், 2 நிமிடம் வேக ஓட்டம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் செய்த பெரிய சோதனை 2008இல் வெளியானது. காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, நேரம் போதவில்லை என்று நடுப் பத்து நிமிடத்தை வெட்டுவது. பலன் பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது. முட்டி போட்டு உட்கார்ந்து, கணுக்காலைத் தோழன் பிடிக்க, உடலை மெல்ல முன்னால் சாய்க்கும் நார்டிக் பயிற்சியை யாரும் விரும்பிச் செய்வதில்லை. பின்தொடைத் தசை மறுநாள் வலிக்கும். தொடக்கத்தில் மூன்று முதல் ஐந்து தடவை மட்டும். முதல் நாளே 12 போட்டால் அந்த வாரம் முழுக்கப் பிள்ளை நொண்டுவான், கோச் பயிற்சியைக் குறை சொல்லுவார்.

அடுத்த 20 நிமிடம் முதல் தொடுதல், அதாவது வரும் பந்தை முதலில் தொட்டு அடக்குவது. வழக்கமான கிளப் பயிற்சியில் 18 பேர் மூன்று வரிசையாக நிற்பார்கள். ஒரு முறைக்கு 8 நொடி என்றால், ஆறு பேர் வரிசையில் ஒருவனுக்கு 48 நொடிக்கு ஒரு தடவை. 20 நிமிடத்தில் 25 தடவை. மிச்ச நேரம் முன்னால் நிற்பவனின் முதுகைப் பார்க்கலாம்.

மூன்று மூன்று பேராகப் பிரித்தால் கணக்கு மாறுகிறது. இரண்டு முனைகளில் இருவர், நடுவில் ஒருவன். நடுவிலிருந்து முனைக்கு 10 மீட்டர். ஒரு முனையிலிருந்து வரும் பந்தை நடுவில் இருப்பவன் அரைத் திருப்பத்தில் (உடலைப் பாதி திருப்பியபடி) வாங்கி மறுமுனைக்குக் கொடுக்கிறான். ஐந்து நொடிக்கு ஒன்று வீதம் 45 நொடியில் ஒன்பது தடவை. பிறகு இடம் மாறுகிறார்கள். மூவரும் ஒரு சுற்று முடிக்க இரண்டரை நிமிடம். 20 நிமிடத்தில் எட்டுச் சுற்று. ஆளுக்கு நடுவில் மட்டும் 72 தடவை, முனையில் நிற்கும்போது வாங்குவது தனி. அதே 20 நிமிடம்தான், வேறு மைதானமோ வேறு கருவியோ கிடையாது.

இதில் பிசகும் இடங்கள்:

தூரம். ஆறு மீட்டருக்கு நெருங்கினால் தோளுக்குப் பின்னால் பார்க்க நேரம் இருக்காது. 15 மீட்டர் போனால் 15 வயதுப் பிள்ளையின் பாஸ் துள்ளி வரும். அடக்குவதே பயிற்சியாகிவிடும், திருப்பம் போய்விடும்.

கால். பந்து வரும் பக்கத்துக்கு அருகில் இருக்கும் காலால் வாங்குவது இயல்பு. அப்படி வாங்கினால் உடல் பந்து கொடுத்தவனைப் பார்த்தபடி பூட்டிக்கொள்ளும். பந்தைத் தன் உடலுக்குக் குறுக்கே ஓடவிட்டு, தூரத்துக் காலின் உள்பக்கத்தால் வாங்கவேண்டும். தொட்டபின் பந்து ஒரு மீட்டருக்குள் நிற்கவேண்டும். காலடியில் ஒட்டிக்கொள்ளவும் கூடாது, அடுத்த உதைக்கு இடம் வேண்டும்.

பார்வை. பந்து கிளம்புமுன் ஒரு தடவை, வரும் வழியில் இருக்கும்போது இன்னொரு தடவை பின்னால் பார்ப்பது. சில கோச்சுகள் பின்னால் நின்று விரலைக் காட்டி "எத்தனை?" என்று கேட்பார்கள். பார்க்கும் பழக்கம் வரும். ஆனால் ஆட்டத்தில் யாரும் விரல் காட்டுவதில்லை. நான்காவது சுற்றிலிருந்து நான்காவதாக ஒருவனைப் பின்னால் தடுப்பாளனாக நிறுத்துவது மேல். அவன் ஒட்டி வந்தால் பந்தைத் திருப்பிக் கொடு. தள்ளி நின்றால் திரும்பு. அப்போதுதான் தலையைத் திருப்பியதற்கு ஓர் அர்த்தம் கிடைக்கிறது.

காற்று. யாரும் பேசாத விஷயம். விதிப்படி பந்தின் அழுத்தம் 0.6 முதல் 1.1 அட்மாஸ்பியர் வரை இருக்கலாம். கெட்டியான தரையில் பந்தை மேல் எல்லைக்கு ஏற்றிவைத்துவிட்டு, "தொடுதல் சரியில்லை" என்று பிள்ளையைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

ஒரே அசைவை ஒரே பக்கம் நாற்பது தடவை செய்தால் அந்தக் காலையில் அழகாகத் தெரியும், பெற்றோர் கைப்பேசியில் படம் எடுப்பார்கள். அடுத்த வாரம் பார்த்தால் பாதி காணாமல் போயிருக்கும். இடம், வலம், திருப்பம், திருப்பிக் கொடுத்தல் என்று கலந்து செய்தால் அன்று அசிங்கமாக இருக்கும், தங்குவது அதுதான். இயக்கக் கற்றலில் பழைய, உறுதியான முடிவு இது. ஆனால் அசைவே தெரியாத பிள்ளைக்கு முதல் பத்து தடவை ஒரே மாதிரி கொடுத்துவிட்டுத்தான் கலக்கவேண்டும்.

மூன்றாவது 20 நிமிடம் ஒருவருக்கு ஒருவர். 4-3-3இல் விங்கரின் சோறு இது. 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம்; கோட்டில் இரண்டு மீட்டர் அகலமுள்ள இரண்டு சின்ன வாயில்கள். தடுப்பாளன் பந்தைக் கொடுத்துவிட்டு ஓடி வருகிறான்; தாக்குபவனுக்குப் பத்து நொடி. இரண்டு மைதானம், ஒவ்வொன்றிலும் மூன்று ஜோடி, 20 நொடிக்கு ஒரு ஜோடி. ஆகவே ஒருவன் 10 நொடி ஆடி 50 நொடி நிற்கிறான். பெற்றோருக்கு இந்த நிற்பதுதான் பிடிக்காது: "சும்மா நிக்கிறானே சார்!" நிற்கத்தான் வேண்டும். ஓய்வைப் பாதியாக்கினால் ஆறாவது தடவைக்கு மேல் வேகம் போய்விடும். வேகம் இல்லாத ஏமாற்று அசைவு யாரையும் ஏமாற்றாது. திறன் பயிற்சி என்று தொடங்கியது மூச்சுவாங்கும் பயிற்சியாக முடியும். இரண்டு வாயில் இருப்பதற்குக் காரணம் உண்டு: ஒன்றே ஒன்று இருந்தால் தடுப்பாளன் அதன் முன்னால் போய் நின்றுவிடுவான்; இரண்டு இருந்தால் அவன் எடையை ஒரு பக்கம் சாய்க்கிற நொடியைத் தாக்குபவன் பிடிக்கப் பழகுவான். தடுப்பாளனை "மெதுவா வா" என்று சொல்லிவைக்கும் பயிற்சிக்கு மட்டும் நேரம் ஒதுக்கவேண்டாம்.

பிறகு ஆட்டம். கோல்கீப்பரையும் சேர்த்து ஆறுக்கு ஆறு, 40 × 30 மீட்டர், ஐந்து ஐந்து நிமிடமாக நான்கு, நடுவில் இரண்டிரண்டு நிமிடம் ஓய்வு. காலையில் பழகியது ஆட்டத்தில் வருகிறதா என்று பார்க்கும் இடம். கோச் வாயை மூடிக்கொண்டிருக்கவேண்டிய இடமும் இதுவே. கத்திக்கொண்டே இருந்தால் பிள்ளை பின்னால் திரும்பிப் பார்க்கமாட்டான், கோச்சைத்தான் பார்ப்பான்.

கோல் அடிப்பது கடைசி 12 நிமிடம், ஆளுக்கு 16 முதல் 20 உதைக்கு மேல் வேண்டாம். பிள்ளைகள் மைதானத்துக்கு வந்ததும் முதலில் செய்ய நினைப்பது இதைத்தான். குளிர்ந்த காலோடு 20 மீட்டரிலிருந்து பலம்கொண்ட மட்டும் உதைப்பார்கள். முன்தொடையின் பெரிய தசை இடுப்பெலும்பின் முன்முனையில் ஒட்டியிருக்கிறது. 13 முதல் 16 வயதில் அந்த ஒட்டுமிடம் இன்னும் குருத்தெலும்பு. பெரியவர்களுக்குத் தசை கிழியும் இடத்தில் பிள்ளைகளுக்கு எலும்புத் துண்டே பெயர்ந்து வரும். "டப்" என்று சத்தம் கேட்டது, கால் தூக்க முடியவில்லை என்று பிள்ளை சொன்னால் தைலம் தேய்க்காமல் எக்ஸ்ரேக்கு அனுப்பவேண்டும்.

வாரக் கணக்கு

இப்போது கூட்டிப் பார்க்கலாம். நான்கு காலை, இரண்டிரண்டு மணி: 8 மணி நேரம். கிளப்பில் மூன்று மாலை, ஒன்றரை மணி வீதம்: 4.5. ஆட்டம் 80 நிமிடம்: 1.3. மொத்தம் 13.8 மணி நேரம். கிளப் நான்காவது மாலைக்கும் கூப்பிட்டால் 15.3.

வாரத்துக்குப் பயிற்சி மணி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவத்தில் பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. 15 வயதுப் பையனுக்கு 15. அதாவது நான்கு காலை, மூன்று மாலை, ஓர் ஆட்டம் என்பது வரம்புக்குள் இருக்கிறது. அதற்கு மேல் ஓர் அப்பா தனியாக வைத்த கோச், ஞாயிறு ஃபுட்சால் (உள்ளரங்கக் கால்பந்து), பள்ளி அணி என்று ஒன்று சேர்ந்தாலும் தாண்டிவிடும். 12 வயதுப் பிள்ளைக்கு இதே அட்டவணையை அப்படியே எடுத்துப்போட்டால் முதல் வாரமே தாண்டியாயிற்று.

யார் இந்தக் கணக்கைப் போடுவது என்பதில்தான் பெரும்பாலான திட்டங்கள் சறுக்குகின்றன. காலை கோச் தன் எட்டு மணி நேரத்தை அறிவார். மாலை கோச் தன் நான்கரையை அறிவார். இருவரும் தங்கள் பயிற்சியை அளவானது என்றே நினைப்பார்கள். எளிய வழி ஒன்று இருக்கிறது. பயிற்சி முடிந்து அரை மணி கழித்து, "எவ்வளவு கஷ்டமாக இருந்தது, பத்துக்கு எத்தனை?" என்று பிள்ளையைக் கேட்டு, அந்த எண்ணை நிமிடத்தால் பெருக்கவேண்டும். காலையில் 100 நிமிடம், ஐந்து: 500. மாலையில் 90 நிமிடம், ஏழு: 630. ஒரே நாளில் 1,130. அந்தத் தாள் ஒன்றுதான் இருக்கவேண்டும், இரண்டு கோச்சும் அதே தாளில் எழுதவேண்டும். காலை 500 என்று இருக்கும் நாளில் மாலையில் கிளப் ஓட்டப் பயிற்சி வைத்திருப்பது தெரிந்தால் காலையில் ஒருவருக்கு ஒருவரை எடுத்துவிட்டு முதல் தொடுதலை நீட்டலாம். பேசிக்கொள்ளாத இரண்டு கோச்சுகளுக்கு நடுவே மாட்டிக்கொள்வது பிள்ளையின் குதிகால்.

குதிகால் என்று சும்மா சொல்லவில்லை. பத்து, பன்னிரண்டு வயதில் வலி முதலில் குதிகாலின் பின்புறம் வரும், செவர்ஸ் என்பார்கள். அதற்குச் சற்று மேல் வயதில் முட்டிக்குக் கீழே எலும்பு முண்டில் வரும்; அது ஆஸ்குட்-ஷ்லாட்டர். இன்னும் பெரிய பிள்ளைகளுக்குக் கீழ்முதுகு. எலும்பு வேகமாக நீள, தசையும் தசைநாரும் இழுபட்டு, வளர்ச்சித் தட்டை (எலும்பு வளரும் குருத்துப் பகுதியை) பிடித்து இழுப்பதால் வரும் தொந்தரவு முதல் இரண்டும். கீழ்முதுகு வேறு விஷயம்: முதுகைப் பின்னால் வளைத்தால் வலிக்கிறது, இரண்டு வாரமாகப் போகவில்லை என்றால் அது முள்ளெலும்பின் அழுத்த முறிவாக இருக்கலாம், கோச் வைத்தியம் பார்க்கும் இடமல்ல.

பையன்களுக்கு உயரம் மிக வேகமாகக் கூடும் காலம் சராசரியாக 14 வயதை ஒட்டி, பெண்களுக்கு 12ஐ ஒட்டி. டாப்ஸ்போர்ட் பள்ளி பையன்களை எடுத்துக்கொள்ளும் வயதும் அந்த 14தான்! சுமை கூடுவதும் எலும்பு நீளுவதும் ஒரே ஆண்டில். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலையில், செருப்பில்லாமல், அதே சுவரில், அதே ஆள் அளக்கவேண்டும். மாலையில் அளந்தால் முதுகெலும்பு அமுங்கி ஒரு சென்டிமீட்டர் வரை குறையும், கணக்கு குழம்பும். மூன்று மாதத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போனால் அந்தப் பிள்ளைக்குத் தாவல், திடீர் நிறுத்தம், கோல் உதை மூன்றையும் குறைத்து, முதல் தொடுதலையும் பாஸையும் வைத்துக்கொள்ளலாம். முழுதாக நிறுத்தத் தேவையில்லை. அந்த மாதங்களில் நேற்றுவரை நன்றாகச் செய்த டிரிப்ளிங் தடுமாறும்; கால் நீண்டுவிட்டது, மூளை இன்னும் பழைய அளவில் இருக்கிறது. "மெத்தனமாயிட்டான்" என்று அணியிலிருந்து தூக்கும் கோச்சுகள் இந்த மாதத்தில்தான் தூக்குவார்கள்.

தூக்கம் 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம். காலைப் பயிற்சிக்காக விடியலில் எழுப்பினால் முதலில் போவது இதுதான். பள்ளி தொடங்கும் நேரத்தில் பயிற்சியும் தொடங்கியது என்பதால் பெல்ஜிய ஏற்பாட்டில் இந்தக் கேடு பெரிதாக இல்லை. அதிகாலை ஐந்தரைக்கு மைதானம் என்று வைப்பதை அதனோடு ஒப்பிடவே முடியாது.

என்ன கிடைத்தது, எது கிடைக்கவில்லை

தீபோ கூர்த்துவா, ஆக்செல் விட்சல், ட்ரீஸ் மெர்த்தன்ஸ், மூசா டெம்பெலே ஆகியோர் டாப்ஸ்போர்ட் பள்ளிகளின் வழியே வந்தவர்கள். 2007இல் பெல்ஜியத்திலேயே நடந்த 17 வயதுக்குட்பட்டோர் யூரோவில் அந்த அணி அரையிறுதி வரை வந்து ஸ்பெயினிடம் பெனால்டியில் தோற்றது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நான்காம் இடம்.

ஆனால் எல்லாவற்றையும் அந்தப் பள்ளிகளின் கணக்கில் எழுதினால் பொய்யாகும். எதன் அசார் 14 வயதிலேயே பிரான்ஸின் லீலுக்குப் போய்விட்டார். யான் வெர்டோங்கன், டோபி ஆல்டர்வைரல்ட், தாமஸ் வெர்மாலன் மூவரும் ஆம்ஸ்டர்டாமில் அயாக்ஸில் வளர்ந்தவர்கள். ரொமேலு லுகாகு ஆண்டர்லெக்ட் கிளப் பள்ளிகளோடு சேர்ந்து நடத்திய ஏற்பாட்டில் வளர்ந்தார். அதுவும் பள்ளி நேரத்துக்குள் கூடுதல் பயிற்சி என்ற அதே யோசனைதான், கூட்டமைப்புக்குப் பதில் கிளப் செய்தது. மாலையில் கிளப் ஒன்று சொல்ல, காலையில் கூட்டமைப்பு வேறொன்று சொல்லும் உரசல் இதில் இல்லை என்பது ஒரு லாபம். பிள்ளையை வேறு கிளப்புக்கு மாற்ற நினைத்தால் பள்ளியும் கையைவிட்டுப் போகும் என்பது நட்டம்.

2022 கத்தார் உலகக் கோப்பையில் பெல்ஜியம் மறுபடி முதல் சுற்றிலேயே வெளியேறியது. நல்ல பயிற்சி ஏற்பாடு நல்ல ஆட்டக்காரர்களைக் கூடுதலாகத் தரும். ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு மேதைகளைத் தரும் என்று எந்த அட்டவணையும் வாக்குக் கொடுக்காது.

திட்டத்தின் பலவீனமான கண்ணி பயிற்சியில் இல்லை, பயிற்சிக்கு யாரைக் கூப்பிடுவது என்பதில் இருந்தது. இதையும் அளந்தவர் ஹெல்சன். பெல்ஜியத்தில் வயதுப் பிரிவின் தொடக்க நாள் முன்பு ஆகஸ்ட் 1. 1997இல் ஜனவரி 1க்கு மாறியது. அதற்கு முன் இளையோர் தேர்வுகளில் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரில் பிறந்தவர்கள் குவிந்திருந்தார்கள். நாள் மாறியதும் குவியல் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சுக்கு நகர்ந்தது. செப்டம்பரில் பிறந்த பிள்ளைகளின் திறமை ஒரே ஆண்டில் வற்றிவிடவில்லை. திறமை என்று கோச்சுகள் கண்டது பத்து மாத வளர்ச்சியை. அப்படித் தேர்ந்தவர்களுக்கு வாரம் எட்டு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தால், பிறந்த மாதத்தால் வந்த இடைவெளி 18 வயதுக்குள் உண்மையான திறன் இடைவெளியாகவே மாறிவிடும். கூடுதல் பயிற்சி எல்லாவற்றையும் பெருக்கும், தேர்வின் தவறையும் சேர்த்து.

கூட்டமைப்பு இதற்கு எடுத்த நடவடிக்கை "ஃபியூச்சர்ஸ்" அணி. வழக்கமான இளையோர் தேசிய அணிக்குப் பக்கத்திலேயே, உடல் தாமதமாக வளரும் பிள்ளைகளுக்கென்று ஓர் இணை அணி. அதே கோச்சிங், வெளிநாட்டு அணிகளுடன் ஆட்டம். 15 வயதில் தோளால் இடித்தால் விழுந்துவிடும் பையன், பந்தை இடிபடாத இடத்தில் வாங்கக் கற்றுக்கொண்டவனாக இருப்பான் என்பதே அதன் பின்னால் இருந்த எண்ணம்.

கூடுதல் பயிற்சிக்குப் பிள்ளைகளைப் பொறுக்கும் எந்த இடத்திலும் இதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பிறந்த மாதத்தை எழுதுங்கள். 24 பேரில் ஒரு காலாண்டுக்கு ஆறு பேர் அளவில் வரவேண்டும். ஆண்டின் முதல் மூன்று மாதத்தில் பிறந்தவர்கள் 12ஐத் தாண்டி, கடைசி மூன்று மாதத்தில் ஒருவரோ இருவரோ என்று நின்றால், காலைப் பயிற்சித் திட்டத்தை எழுத உட்காருமுன் அந்தப் பட்டியலை மறுபடி எழுதவேண்டும்.